டயர் சுவரில் எழுதியிருக்கும் கணக்கு

கார் டயரில், ரிம்முக்கும் தரையில் படும் பட்டைக்கும் நடுவே உள்ள ரப்பர் பரப்பைப் பக்கச்சுவர் என்பார்கள். டயரின் அகலம் எவ்வளவு, அது எந்த ரிம்மில் உட்காரும், எவ்வளவு எடை தாங்கும், எந்த வேகம் வரை ஓடலாம், எந்த வாரம் தயாரானது என்பதெல்லாம் அந்தச் சுவரிலேயே புடைப்பெழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதில் கம்பெனிப் பெயரை மட்டுமே பார்த்திருப்பார்கள். டயர் தேய்ந்ததும் கடைக்காரர் எடுத்துப்போடும் அளவு சரியா, தவறா என்று கேட்க வழி தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு வருவார்கள். அந்த ஒரு வரியைப் படிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. பெருக்கலும் கூட்டலும் போதும்.

மாருதி ஸ்விஃப்ட், பலேனோ போன்ற கார்களில் பரவலாக ஓடும் ஓர் அளவை எடுத்துக்கொள்ளலாம்: 185/65 ஆர்15 88எச். சுவரில் இருக்கும் எண்களில் சற்றுப் பெரிதாகத் தெரிவது இந்த வரிதான். சேறு அப்பியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே தேய்த்தால் புடைப்பெழுத்துகள் மட்டும் வெள்ளையாக எழுந்து நிற்கும். பல வருடம் ஓடிப் பழுப்பேறிய டயரையும் இப்படிப் படித்துவிடலாம்.

முதல் எண்ணான 185, டயரின் அகலம். மில்லிமீட்டரில் சொல்லப்படுவது. தரையில் படும் பட்டையின் அகலம் இது என்று பலரும் நினைத்து, அங்கே ஸ்கேலை வைத்துப் பார்த்துக் குழம்புவதுண்டு. பட்டை எப்போதும் இதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும். டயரை ரிம்மில் மாட்டிக் காற்றடித்த பிறகு, ஒரு பக்கச் சுவரின் வெளிப்புறத்திலிருந்து மறுபக்கச் சுவரின் வெளிப்புறம் வரை, வயிறு உப்பிய இடத்தில் எடுக்கும் அளவே இந்த அகலம். எழுத்துகளின் புடைப்பும், ரிம்மைக் காக்கும் ரப்பர் விளிம்பும் கணக்கில் சேராது. அப்படியும் அது ஒரு பெயரளவுதான். தர அட்டவணைகளில் 185/65 ஆர்15 டயருக்கு 5.5 அங்குல அகல ரிம்மில் குறித்திருக்கும் வடிவமைப்பு அகலம் 189 மி.மீ. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் வயிறும் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும், குறுகினால் அதே அளவு ஒடுங்கும். அதனால் அளந்து பார்த்து மூன்று நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் டயர் போலி என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 65தான் மொத்தக் கணக்கின் உயிர்நாடி. அதிகம் கவனிக்கப்படாததும் அதுவே. இது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். டயரின் சுவர் உயரம், அதாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்திலிருந்து பட்டையின் உச்சி வரை உள்ள தூரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. 185இல் 65 சதவீதம் 120.25 மி.மீ. கடைகளில் இதை ஆஸ்பெக்ட் ரேஷியோ என்றும், ப்ரொஃபைல் என்றும், ‘65 சீரீஸ்’ என்றும் சொல்வார்கள். இது சதவீதமாக இருப்பதால் ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. அகலம் மாறினால், 65 என்ற எண் அப்படியே இருந்தாலும் சுவரின் உயரம் மாறிவிடும். 185/65 டயரின் சுவரும் 205/65 டயரின் சுவரும் ஒரே உயரம் இல்லை. பின்னது 13 மி.மீ. அதிகம். டயர் மாற்றும்போது நேரும் தவறுகளில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

ஆர் என்ற எழுத்து ரேடியல் என்பதன் சுருக்கம். டயருக்குள் ஓடும் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, ஓடும் திசைக்குச் செங்குத்தாகப் போயிருந்தால் அது ரேடியல். பட்டைக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றியிருக்கும். மிஷலின் நிறுவனம் 1946இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. அதற்கு முந்தைய முறையில் இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு சாய்வாக ஓடும். நம் ஊர் லாரிக்காரர்கள் ‘நைலான் டயர்’ என்று சொல்வது இந்தக் குறுக்கிழை டயரைத்தான். அதில் ஆர் இருக்கும் இடத்தில் டி (D) என்ற எழுத்தோ வெறும் சிறுகோடோ இருக்கும்.

கடைசியாக 15. இதுவரை மில்லிமீட்டரும் சதவீதமுமாக வந்த வரி, இந்த இடத்தில் அங்குலத்துக்குத் தாவுகிறது. ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். ரிம்மின் வெளி விளிம்பை டேப்பால் அளந்தால் 16 அங்குலத்துக்கு மேல் காட்டும். விளிம்பு உதடு சுற்றிலும் 17 மி.மீ. அளவுக்கு எழுந்து நிற்பதே காரணம். டயரின் கம்பி விளிம்பு உட்காரும் மேடையில் எடுத்த விட்டமே 15 அங்குலம். டயர் மாட்டியிருக்கும்போது அந்த மேடை கண்ணுக்குத் தெரியாது. எனவே ரிம்மை வெளியிலிருந்து அளந்து டயர் வாங்கப் போகக் கூடாது. ரிம்மிலேயே ‘15 × 5½ ஜே’ என்பதுபோல் வெட்டியிருக்கும், அதைப் பார்க்க வேண்டும்.

இப்போது மூன்று எண்களையும் கோக்கலாம். சுவர் உயரம் 120.25 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் என்று இரண்டு தடவை வரும்: 240.5 மி.மீ. ரிம் 15 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 25.4 மி.மீ. வீதம் 381 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 621.5 மி.மீ. டயரின் வெளிவிட்டம் அதுதான். ஸ்பீடாமீட்டர், தரை இடைவெளி, சக்கரக் குழிக்குள் டயர் உரசுமா உரசாதா என்பவை எல்லாம் இந்த ஒரு தொகையோடு கட்டுண்டவை.

ஒரே உயரம், மூன்று அளவுகள்

ஒரே கார் மாடலில் விலை குறைந்த ரகம் ஓர் அளவு டயரோடும், விலை கூடிய ரகம் வேறோர் அளவோடும் வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஸ்விஃப்டில் கீழ்ரகங்களுக்கு 165/80 ஆர்14, மேல்ரகங்களுக்கு 185/65 ஆர்15. பலேனோவில் 185/65 ஆர்15, 195/55 ஆர்16 என்று இரண்டு. எண்களை மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு கதை. 165இல் 80 சதவீதம் 132, இரண்டு சுவர்களுக்கு 264, அதோடு 14 அங்குலத்துக்கு 355.6 சேர்த்தால் 619.6 மி.மீ. 195இல் 55 சதவீதம் 107.25, இரண்டுக்கு 214.5, 16 அங்குலத்துக்கு 406.4, ஆக 620.9 மி.மீ. மூன்று அளவுகளின் வெளிவிட்டமும் 2 மி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. கார் நிறுவனத்தின் பொறியாளர்கள் ரிம்மைப் பெரிதாக்கும்போதெல்லாம் சுவரைக் குறைத்து, மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிதும் மாறுவது சுவரின் உயரம்: 132, 120, 107 மி.மீ. குட்டைச் சுவர் டயர் வளைவில் குழையாமல் நிற்கும், ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி உடனே திரும்பும். 1970களின் நடுவில் பிரெல்லி பி7 போன்ற 50 சீரீஸ் டயர்கள் வேகக் கார்களுக்கு வந்தபோது தேடியது அதைத்தான். ஆனால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்வது ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே இருக்கும் காற்றும் ரப்பரும். அந்த இடைவெளி 132இலிருந்து 107க்குக் குறைந்தால், அதே பள்ளத்தில் அலாய் வீல் நெளியவும் சுவர் வெடித்துப் புடைக்கவும் வாய்ப்பு கூடும். மழைக்காலம் முடிந்த கையோடு நம் சாலைகள் இருக்கும் நிலையில், பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் 80 சீரீஸ் டயர் மட்டமான தேர்வு அல்ல. அன்றாடம் கிராமத்துச் சாலையில் போய்வருபவருக்கு அதுவே மேலானது.

சிக்கல் தொடங்குவது, வண்டிக்காரர் தாமாகவே ‘ஒரு சைஸ் பெரிசா’ போடச் சொல்லும்போது. 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 205/65 ஆர்15 மாட்டினால் ரிம் அதேதான், டயரும் ஒழுங்காக உட்காரும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். கணக்கு மட்டும் இடறும். 205இல் 65 சதவீதம் 133.25, இரண்டு சுவர்களும் ரிம்மும் சேர்ந்து 647.5 மி.மீ. பழைய விட்டத்தைவிட 26 மி.மீ. கூடுதல், அதாவது 4.2 சதவீதம். வண்டி சக்கரம் சுற்றும் எண்ணிக்கையைத்தான் எண்ணுகிறது, தரையை அளப்பதில்லை. ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 960தான் ஏறும், மைலேஜ் குறைந்துவிட்டதுபோல் பொய்த்தோற்றம் வரும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் சக்கரக் குழியின் உள்விளிம்பில் டயர் உரசவும் கூடும். அகலம் கூட வேண்டும் என்றால் 205/60 ஆர்15 எடுத்துப் பார்க்கலாம்: 123 இரண்டு தடவை, அதோடு 381, மொத்தம் 627 மி.மீ. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் நின்றுவிடும். விட்ட மாற்றம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. அதற்குள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. புது டயரின் அகலத்தை வண்டியின் ரிம் அகலம் ஏற்குமா என்பதையும் அட்டவணையில் பார்த்தே தீர வேண்டும்.

வரியின் கடைசியில் இருக்கும் 88எச் அளவைச் சொல்வதில்லை, ஆனால் அளவை மாற்றும்போது கூடவே மாறுவது அதுதான். 88 என்பது எடைக் குறியீடு, கிலோ இல்லை. அட்டவணைப்படி 88க்கு 560 கிலோ, ஒரு டயருக்கு. 87க்கு 545, 85க்கு 515, 91க்கு 615. அகலமான டயர் அதிக எடை தாங்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 195/55 ஆர்16 டயரின் வழக்கமான குறியீடு 87, அதைவிடக் குறுகலான 185/65 ஆர்15க்கு 88. எடையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. சுவர் குட்டையாகும்போது காற்றுக்கு இடம் குறைகிறது. கூடுதல் அழுத்தம் தாங்கும்படி வலுவூட்டிய டயர்களில் எக்ஸ்எல் என்று எழுதியிருக்கும், அவற்றின் குறியீடு ஏறிவிடும். எது எப்படியானாலும் வண்டியோடு வந்த குறியீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

எச் என்ற வேக எழுத்து மணிக்கு 210 கி.மீ. வரை என்கிறது. எஸ் 180, டி 190, யு 200, அதற்கடுத்து எச், பிறகு வி 240, டபிள்யூ 270, ஒய் 300. அகரவரிசையில் முன்னால் வரவேண்டிய எச் ஏன் யுவுக்குப் பின்னால் வந்தது என்று பலர் திகைப்பார்கள். தொடக்கத்தில் எஸ், எச், வி என்று மூன்றே பிரிவுகள்தான் இருந்தன. இடையிலும் கீழேயும் புதிய எழுத்துகள் பிற்பாடு செருகப்பட்டபோது, எச் மட்டும் தன் பழைய இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பழைய டயர்களில் இந்த எழுத்து அளவின் நடுவிலேயே, ‘185/70 எச்ஆர்13’ என்று ஆருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். வேன்களின் டயரில் இன்னொரு குழப்பமும் உண்டு. 195 ஆர்15 சி 106/104 ஆர் என்ற வரியில் முதல் ஆர் ரேடியல், கடைசி ஆர் மணிக்கு 170 கி.மீ. நடுவே இருக்கும் சி, சரக்கு வண்டிக்கான டயர் என்கிறது. எடைக் குறியீடு இரண்டாக இருப்பது, ஒற்றைச் சக்கரமாக ஓடினால் 950 கிலோ, பின் அச்சில் ஜோடியாக ஓடினால் ஒவ்வொன்றும் 900 கிலோ என்பதற்காக.

முன்னும் பின்னும் வேறு வேறு அளவோடு வந்த வண்டிகளும் உண்டு. டாடா நானோவில் முன்சக்கரத்துக்கு 135/70 ஆர்12, பின்சக்கரத்துக்கு 155/65 ஆர்12. இன்ஜின் பின்னால் இருந்ததால் எடையும் பின்னால். அங்கே அகலமான டயர் தேவைப்பட்டது. விட்டம் முன்னே 494, பின்னே 506 மி.மீ. இப்படிப்பட்ட வண்டியில் சக்கரங்களை முன்பின் மாற்றிப்போட முடியாது என்பதை டயரின் சுவரே சொல்லிவிடும். அலாய் வீல் கொண்ட பல கார்களில் ஸ்டெப்னி மட்டும் சிறிய இரும்பு ரிம்மில் வருகிறது. அதன் எண்ணையும் இதே போல் கூட்டிப் பார்த்தால், மற்ற நான்கோடு ஏறக்குறைய ஒத்த விட்டமா, ஒப்புக்கு மாட்டியதா என்று தெரிந்துவிடும். அளவுக்கு முன்னால் டி (T) என்ற எழுத்து இருந்தால் அது தற்காலிக டயர், பஞ்சர் கடை வரை போய்ச் சேருவதற்கு மட்டும்.

அங்குலத்தில் எழுதிய டயர்கள்

கார் டயரின் இந்த மூன்றெண் முறை எல்லா வண்டிக்கும் வந்துவிடவில்லை. ஆட்டோ டயரில் இன்றும் 4.00-8 என்றுதான் இருக்கும். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் 2.50-16. ஒரு தலைமுறைக்கு முந்தைய அம்பாசடரில் 5.90-15. இங்கே முதல் எண் அங்குலத்தில் அகலம், இரண்டாவது அங்குலத்தில் ரிம். நடுவே சதவீதம் என்று ஒன்று இல்லை. பழைய காலத்து டயர்களில் சுவர் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமமாக இருந்ததால் அதைத் தனியாக எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆகவே இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளின் இத்தகைய டயருக்கு அகலத்தை இரண்டால் பெருக்கி ரிம்மோடு கூட்டினால் கிட்டத்தட்டச் சரியான விட்டம் கிடைக்கும். ஆட்டோ டயருக்கு 4 + 4 + 8, ஆக 16 அங்குலம், சுமார் 40 செ.மீ.

ஹோண்டா ஆக்டிவாவின் டயர் இதற்கு நல்ல சான்று. முதலில் வந்த வண்டிகளில் 3.50-10 என்று இருந்தது, பிறகு 90/100-10 ஆனது. 3.5 அங்குலம் 88.9 மி.மீ. இரண்டு மடங்கோடு 10 அங்குல ரிம்முக்கு 254 சேர்த்தால் 431.8 மி.மீ. புதிய எழுத்தில் 90இல் 100 சதவீதம் 90, இரண்டு தடவை 180, அதோடு 254, ஆக 434 மி.மீ. எழுதும் முறைதான் மாறியதே தவிர டயர் மாறவில்லை. பழைய வண்டிக்குப் புதிய எண்ணுள்ள டயரைக் கடைக்காரர் நீட்டினால் பயப்படத் தேவையில்லை. கார் டயரின் அகலம் 145, 155, 165 என்று 5இல் முடிவதும், பைக் டயரின் அகலம் 80, 90, 100 என்று பூஜ்யத்தில் முடிவதும் கண்ணில் படக்கூடிய இன்னொரு வழக்கம். பைக் டயரில் எம்/சி என்று கூடுதலாக இருந்தால் அது மோட்டார் சைக்கிள் ரிம்முக்கு மட்டும் உரியது. அதே விட்டமுள்ள கார் ரிம்மின் மேடை அமைப்பு வேறு.

சுவர் உயரமும் அகலமும் சமம் என்ற அனுமானம் டிராக்டரில் கவிழ்ந்துவிடும். பின்சக்கரத்தில் 13.6-28 என்று இருப்பதை வைத்து 13.6 + 13.6 + 28 என்று கூட்டினால் 55.2 அங்குலம், 1,402 மி.மீ. வரும். உண்மையில் அந்த டயரின் உயரம் அதைவிட 10 செ.மீ. அளவுக்குக் குறைவு. அதற்கு இணையான புதிய எழுத்து 340/85 ஆர்28. அதைக் கொண்டு கணக்கிட்டால் 289 இரண்டு தடவை, ரிம் 711.2, மொத்தம் 1,289 மி.மீ. நடுவே சதவீதம் இல்லாத கார் டயர்களும் ஒரு காலத்தில் இருந்தன. 165 ஆர்13 என்று மட்டும் எழுதியிருந்தால் அதை 82 சதவீதமாகக் கொள்வது வழக்கம். நூறு என்று கொண்டால் விட்டம் 6 செ.மீ. பிசகும்.

லாரிகளில் 10.00-20 பழைய நைலான், 10.00 ஆர்20 அதே அளவில் ரேடியல், 295/80 ஆர்22.5 ட்யூப் இல்லாதது. 22.5 என்ற அரை எண் தற்செயலாக வந்ததல்ல. ட்யூப்லெஸ் லாரி ரிம்மின் மேடை 15 பாகை சரிவாக இருக்கும், ட்யூப் போடும் ரிம்மிலிருந்து அது வேறானது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிவிடக் கூடாது என்பதற்காக விட்ட எண்ணே வேறாக வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 16 அங்குலமும் 16.5 அங்குலமும் ஒரே சந்தையில் புழங்கியபோது, 16 டயரை 16.5 ரிம்மில் ஏற்றிக் காற்றை அழுத்தி உட்கார வைக்க முயன்று, கம்பி விளிம்பு அறுந்து வெடித்து மெக்கானிக்குகள் உயிரிழந்திருக்கிறார்கள். அரை அங்குலம்தானே என்று விட முடியாத இடம் இது. டயர் உட்காரவில்லை என்றால் காற்றைக் கூட்டுவதற்கு முன் இரண்டு எண்களையும் ஒப்பிட வேண்டும்.

மிஷலின் 1975இல் கொண்டுவந்த டிஆர்எக்ஸ் டயர்களில் ரிம்மையும் மில்லிமீட்டரில் எழுதினார்கள். 190/65 எச்ஆர் 390 என்றால் ரிம் 390 மி.மீ., அதாவது 15.35 அங்குலம். 15க்கும் பொருந்தாது, 16க்கும் பொருந்தாது. விளிம்பின் வடிவமே வேறு என்பதால் தெரியாமல் கூட மாற்றி மாட்டிவிடாதபடி வைத்த எண் அது. அந்த முறை நிலைக்கவில்லை. மில்லிமீட்டரும் அங்குலமும் கலந்த வரியே உலகம் முழுவதும் நின்றுவிட்டது. இதற்கு நேர்மாறாகக் காடு மலை ஏறும் ஜீப்புகளுக்கு 31 × 10.50 ஆர்15 என்று முழுக்க அங்குலத்தில் எழுதுவதும் உண்டு. அதில் முதல் எண்ணே வெளிவிட்டம், எதையும் பெருக்க வேண்டாம். 31இலிருந்து 15ஐக் கழித்துப் பாதியாக்கினால் சுவர் 8 அங்குலம்.

இந்தக் குழப்பங்கள் எல்லாவற்றையும்விடப் பெரியது சைக்கிள் டயரில் இருக்கிறது. 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் 26 × 1.75, 26 × 1⅜, 26 × 1½ என்று மூன்று டயர்கள் விற்கின்றன. ரிம்மின் மேடை விட்டம் முறையே 559, 590, 584 மி.மீ. ஒன்றின் ரிம்மில் மற்றொன்று ஏறாது. 28 × 1½ என்ற நம் ஊர்க் கறுப்பு சைக்கிளின் டயர் 635 மி.மீ., வெளிநாட்டு மாடல் சைக்கிள்களில் வரும் 28 பெரும்பாலும் 622 மி.மீ. அதே சுவரில் சிறிய எழுத்தில் 40-635, 37-590 என்று ஓர் இரட்டை எண் அச்சிட்டிருப்பார்கள். முதலாவது அகலம், இரண்டாவது ரிம் மேடையின் விட்டம். சைக்கிள் கடையில் பார்க்க வேண்டியது இந்த இரட்டை எண்ணை.

உருட்டி அளப்பது

கணக்கில் வந்த விட்டம், காற்றடித்து யாரும் ஏறாமல் நிறுத்திய டயருக்கு உரியது. வண்டியின் எடை ஏறியதும் தரையில் படும் பக்கம் சற்று அமுங்கும். 621.5 மி.மீ. விட்டத்துக்கு முழுச் சுற்றளவு 1,952 மி.மீ. ஆனால் ஓடும் ரேடியல் டயர் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் விட்டத்தின் 3.05 மடங்கு என்பது ஐரோப்பிய டயர் தர அட்டவணையின் கணக்கு. அதன்படி 1,896 மி.மீ., ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 527 சுற்றுகள். எழுத்து தேய்ந்து எதுவும் தெரியாத டயரின் அளவை ஊகிக்கவும் இது உதவும். சமதரையில் டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, டயரில் உள்ள கோடு மீண்டும் தரையைத் தொடும் வரை வண்டியை நேராகத் தள்ளி, அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே டேப் பிடித்தால் ஒரு சுற்றின் தூரம் கிடைக்கும். அதை 3.05ஆல் வகுத்தால் வெளிவிட்டம். ரிம்மில் வெட்டிய எண்ணை 25.4ஆல் பெருக்கிக் கழித்துப் பாதியாக்கினால் சுவர் உயரம். வயிற்றின் அகலத்தால் அதை வகுத்தால் சதவீதமும் வந்துவிடும். தேய்ந்த டயரில் பட்டையின் ஆழம் போயிருக்கும் என்பதால், புதிய டயரோடு ஒப்பிட விட்டத்தில் ஒரு செ.மீ. அளவுக்குக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரே அளவு எழுதிய இரண்டு கம்பெனி டயர்கள் மில்லிமீட்டர் சுத்தமாக ஒன்றாக இருப்பதில்லை. தர விதிகள் சில சதவீத விலகலை அனுமதிக்கின்றன. காரில் இது பெரிதாகத் தெரியாது. லாரியின் பின் அச்சில் ஜோடியாக ஓடும் இரண்டு டயர்களில் ஒன்று புதிது, மற்றது பாதி தேய்ந்தது என்றால் உயரமான டயர் பளுவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும், சூடேறி முதலில் வெடிக்கும். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டிகளில் விட்ட வித்தியாசம் கியர்பெட்டியைத் தின்னும். அத்தகைய வண்டிகளுக்கு ஒரே கம்பெனி, ஒரே பட்டை வடிவம் என்று பார்த்துப் போடுவதில் செலவைப் பார்க்கக் கூடாது.

டயரில் 6 பிஆர், 16 பிஆர் என்று வருவது ப்ளை ரேட்டிங். பருத்தி இழையால் டயர் செய்த காலத்தில் எத்தனை அடுக்கு என்பதைக் குறித்த எண் இது. இன்று வலுவின் அளவுகோல் மட்டுமே. 16 பிஆர் டயருக்குள் 16 அடுக்குகள் இருக்காது. இந்தியாவில் விற்கும் வாகன டயர்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கிய மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2009இல் வந்தது. முத்திரையின் மேலே ஓடும் எண் டயரின் வகையைச் சொல்லும்: 15627 இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு, 15633 கார்களுக்கு, 15636 சரக்கு வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும். அந்த முத்திரையோடு தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்தே ஏராளமான டயர்கள் வெளியேறுகின்றன. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற எம்ஆர்எஃப், ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே டயர், தேர்வாய்கண்டிகையில் மிஷலின், மதுரையில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா என்று அந்தப் பட்டியல் நீளமானது.

நீள்வட்டக் கட்டத்துக்குள் தனியாக நிற்கும் நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரம். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், ஜூன் மாத வாக்கில். 2000க்கு முந்தைய டயர்களில் இலக்கம் மூன்றுதான். ஒரு பக்கச் சுவரில் இந்தக் கட்டம் இல்லை என்றால் மறுபக்கம் குனிந்து பார்க்க வேண்டும். பல டயர்களில் அது ஒரே பக்கத்தில்தான் இருக்கும். அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழல வேண்டிய திசை அது. டிடபிள்யூஐ என்ற எழுத்துகளோ சிறு முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேராகப் பட்டையின் பள்ளத்தில் 1.6 மி.மீ. உயரத் திட்டு ஒன்று தெரியும். கார் டயரின் பட்டை அதுவரை தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

சுவரில் சிறிய எழுத்தில் அதிகபட்ச அழுத்தம் என்று ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்துக் காற்றடிப்பவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. டயர் தாங்கக்கூடிய உச்சம் அது, வண்டிக்கு வேண்டிய அழுத்தம் அல்ல. வேண்டிய அழுத்தம் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாக. அந்த வண்டிக்கு நிறுவனம் ஏற்றுக்கொண்ட டயர் அளவுகளும் அதே ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். புது டயர் வாங்கப் போகும் முன் அதை ஃபோனில் படமெடுத்துக்கொண்டு போனால், கடையில் நீட்டப்படும் டயரின் சுவரோடு அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.